பூஜையறைக்குப் போன கம்ப்யூட்டர்

கல்யாணமாகி, திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலைக்கு வந்தபோது அந்த வீட்டில் கவிநிலாவுக்கு முதலில் பிடித்துப்போனது கணவன் அல்ல, கணவனுடைய பழைய கம்ப்யூட்டர். இதை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். எல்லோரும் அறிவு என்று கூப்பிடும் கணவன் அறிவுச்செல்வனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். பி.காம். படித்த காலத்தில் கேம் ஆடுவதற்காக அப்பாவிடம் அடம்பிடித்து அவன் வாங்கிய கறுப்புப் பெட்டி அது. அப்பா போன பிறகு கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மண்டி அவன் தலையில் விழுந்தது. மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே அவனுக்கு ஆட்டமெல்லாம் மறந்துபோக, பெட்டி முன்னறையில் துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. கவிநிலா வந்துதான் அந்தத் துணியை விலக்கினாள்.

வேலூரில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவள் அவள். கல்யாண வீடியோவை வெட்டி, ஒட்டி, நிறம் கூட்டி, இசை கோத்து, பார்த்தவர்கள் கண் கலங்கும்படி ஒரு சின்னப் படமாக்கித் தருவதில் தேர்ந்த கை. ஆனால் கைக்கு வேலை வர வேண்டுமே. ஊரில் அவளைத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் விமல்ராஜ் ஒருவர்தான். அவரும் பெரிய வேலைகளைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று உதிரிகளை மட்டும் இவளுக்குத் தந்துகொண்டிருந்தார். இப்படியே ஓர் ஆண்டு ஓடியது. அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஓர் எடிட்டிங் கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. வைகாசிப் பௌர்ணமி முடிந்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு. மண்டியை விட்டுவிட்டு அறிவுச்செல்வனால் அவளோடு வர முடியாது. போகாவிட்டால் காதுகுத்து வீடியோவே கதி. கணவனிடம் கேட்டாள். "உனக்கு எது சரின்னு படுதோ அத செய், நிலா" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெருந்தன்மை அவளுக்கு எரிச்சலாக இருந்தது. போகாதே என்று ஒருமுறை சொல்லிவிட்டால்தான் என்ன?

இந்த நிலையில்தான் விமல்ராஜ் போன் செய்தார். அரிசி ஆலை ஆதிமூலத்தின் மகனுக்குக் கல்யாணம். பௌர்ணமியன்று காலையில் முகூர்த்தம், அன்றைக்கே மாலையில் வரவேற்பு. காலையில் தாலி கட்டியதை மாலையில் மண்டபத்துப் பெரிய திரையில் படமாகக் காட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்களாம். சென்னைக்கு அனுப்பி வாங்க நேரமில்லை. இதை முடித்துக் காட்டிவிட்டால் இனித் தன் ஸ்டூடியோ எடிட்டிங் முழுவதும் அவளிடம்தான் என்று சொன்னார். முடியாவிட்டால் இப்போதே சொல்லிவிடச் சொன்னார்.

முடியும் என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் பெட்டியின் வயது நினைவுக்கு வந்தது.

எடிட்டிங் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. எல்லாம் முடிந்ததும் வெட்டிய துண்டுகளையெல்லாம் ஒரே படமாக வார்த்து எடுக்க வேண்டும். ரெண்டர் என்பார்கள். அதற்குத்தான் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் உயிரை விட்டு உழைக்கும். கிழட்டுப் பெட்டி அந்த வேலையை முடிப்பதற்குள் வரவேற்புக்கு வந்தவர்கள் சாப்பிட்டு, தாம்பூலப்பை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். புதிது வாங்க இப்போது வழியில்லை.

அன்று பெட்டியின் விவரங்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவள், பிராசசரின் பெயர் 'கே' என்ற எழுத்தில் முடிவதைக் கவனித்தாள். ஏன் என்று தேடிப் படிக்கப் படிக்க அவள் முகம் மலர்ந்தது. மண்டியிலிருந்து வந்த கணவனைச் சட்டையைக்கூட மாற்றவிடவில்லை.

"ஏங்க, இது பூட்டு போடாத பிராசசருங்க."

"பூட்டு போடலன்னா இன்னா?"

"அதோட வேகத்த நாமளே ஏத்திக்கலாம். ஓவர்கிளாக்னு பேரு. உங்கப்பா உங்களுக்கு எதை வாங்கித் தந்தாருன்னு உங்களுக்கே தெரியல."

"ஏத்துனா இன்னா ஆவும்?"

"சூடாவும்."

"சூடானா?"

"அதான் பாக்கணும்."

அறிவு நாற்காலியில் உட்கார்ந்தான். மண்டியில் மல்லாட்டை உடைக்கும் மெஷினுக்கு மேஸ்திரி அப்பாதுரை ஒருமுறை பெரிய புல்லி மாட்டி வேகம் ஏற்றிய கதையைச் சொன்னான். ஓடு மட்டும் உடையவில்லையாம், உள்ளிருந்த பருப்பும் மாவாகிவிட்டதாம். அன்றைக்கு மண்டி முழுக்க மல்லாட்டைப் பொடி மணந்ததாம். கவிநிலா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் அப்பாதுரை செய்த அதே தப்பை அவளும் செய்தாள்.

கம்ப்யூட்டர் உயிர் பெறும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால் பயாஸ் என்றொரு நீலத் திரை வரும். அங்கே பிராசசரின் வேகத்துக்கு ஓர் எண் இருக்கும். இவளுடையதில் முப்பத்து மூன்று. அதை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும், ஒவ்வொரு படிக்கும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று படித்ததிலெல்லாம் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்கள். அவசரக்காரி ஒரே தாவலில் நாற்பத்தைந்து வைத்தாள். பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. திரை கறுப்பு. மறுபடி போட்டாலும் கறுப்பு.

கொன்றுவிட்டோம் என்றே நினைத்தாள். வாசலில் சுண்டலுக்குக் கடலை புடைத்துக்கொண்டிருந்த மாமியார் உண்ணாமலை எட்டிப் பார்த்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிறவர்களுக்கு வாசலில் சுண்டலும் மோரும் விற்பவள். "இன்னாம்மா, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது?" என்று கேட்டாள். தூசி என்று சொல்லிவிட்டுப் போனில் வழி தேடினாள் கவிநிலா. வழி இருந்தது. பெட்டிக்குள்ளே கைக்கடிகாரத்துக்குப் போடுவது போல வட்டமாக ஒரு பேட்டரி உண்டு. மின்சாரத்தைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து மாட்டினால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பழைய எண்ணுக்கே திரும்பும். அப்படியே திரும்பியது. திரை வெளிச்சமானபோது யாருமில்லாத அறையில் அதற்கு ஒரு கும்பிடு போட்டாள்.

அதன் பிறகு புத்தி வந்தது. விடிந்ததும் எழுந்து, வீடு சத்தமில்லாமல் இருக்கும்போதே எண்ணை ஒரு படி ஏற்றுவாள். பிராசசரைப் பிழிந்தெடுக்கும் சோதனையை ஓடவிட்டு, சூட்டைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பாள். முப்பத்தாறு தாங்கியது. முப்பத்தேழும் தாங்கியது. முப்பத்தெட்டில் சூடு கொதிநிலையை நெருங்கி, பெட்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. இதே ரகத்தை வைத்திருக்கும் மற்றவர்கள் நாற்பதுக்கு மேல் சாதாரணமாகப் போகிறார்கள். நம்முடையதற்கு மட்டும் என்ன கேடு?

ஞாயிற்றுக்கிழமை அறிவு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக் கொடுத்தான். பிராசசரின் தலைமேல் சூட்டை வாங்கி வெளியே தள்ளுவதற்கு அலுமினியத் தகடுகளும் ஒரு காற்றாடியும் இருக்கும். தகடுகளுக்கு நடுவே இடைவெளியே தெரியவில்லை. கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. கவிநிலா விரலால் தொட்டு முகர்ந்தாள். முகர்ந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

சாம்பிராணி.

செவ்வாய், வெள்ளி, பௌர்ணமி தவறாமல் உண்ணாமலை வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவாள். முன்னறைக்கு வந்தால் கம்ப்யூட்டருக்கு முன்னால் மட்டும் கூடுதலாக நிற்பாள். காற்றாடி புகையை உள்ளே இழுப்பதைப் பார்த்து, "பாரேன், சாமி மாதிரி இழுத்துக்குது" என்று பூரித்துப்போவாள். கவிநிலாவும் எத்தனையோ முறை அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். சாமி இழுத்த புகையெல்லாம் இத்தனை நாளும் எங்கே போனது என்று ஒருமுறையாவது யோசித்தாளா?

அறிவு விஷயத்தைச் சொன்னதும் உண்ணாமலையின் முகம் சுருங்கிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது நல்லா ஓடுனா உனக்கு வேல வரும், வேல வந்தா நீ ஊர விட்டுப் போவ மாட்டன்னுதாம்மா அதுக்கு ஜாஸ்தியா காட்டுனேன்" என்றாள்.

கவிநிலா எழுந்தாள். இந்த வீட்டில் ஒருவராவது வாயைத் திறந்து சொல்லிவிட்டார்களே என்றிருந்தது. பிசுக்கு அப்பிய கையோடு மாமியாரைக் கட்டிக்கொண்டாள். புடவை கெட்டதற்கு வேறு திட்டு வாங்கினாள்.

அன்று அந்த வீட்டில் திருவிழாதான். மண்டியில் மல்லாட்டைத் தூசி ஊதும் ப்ளோயரை அறிவு கொண்டுவந்து பெட்டிக்குள் அடித்தான். தூசி போனது, பிசுக்கு போகவில்லை. தகடுகளைக் காற்றாடியிலிருந்து தனியே பிரித்து, பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு கவிநிலா தேய்த்தாள். வெயிலில் காயவைத்தாள். பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவே தடவும் பசையை டவுனில் போன் ரிப்பேர் செய்யும் கடையிலிருந்து அறிவு வாங்கிவந்தான். குளிர்ச்சிக்குத்தானே, சந்தனம் ஆகாதா என்று உண்ணாமலை கேட்டாள். தாயையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்த அறிவு, ஆகாது என்று அவசரமாகச் சொன்னான்.

மறுநாள் காலை நாற்பது. அதற்கடுத்த காலை நாற்பத்தொன்று. பிறகு நாற்பத்திரண்டு. காப்பி ஆறிப்போகும் வரை சோதனை ஓடியும் பெட்டி அசரவில்லை. பழைய வேலை ஒன்றை ரெண்டர் போட்டுப் பார்த்தாள். வழக்கமாக ஆகும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். கணவனைத் தட்டி எழுப்பிச் சொன்னாள். அவன் பாதித் தூக்கத்திலேயே அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

பௌர்ணமி வந்தது. காலையிலேயே கிரிவலப் பாதையில் தலைகள். முகூர்த்தம் முடிந்ததும் வயல்வெளிப் பாதையில் பைக் ஓட்டிப்போய் விமல்ராஜிடமிருந்து மெமரி கார்டுகளை அறிவு வாங்கிவந்தான். கவிநிலா உட்கார்ந்தாள். நலங்கு, ஊஞ்சல், மாலை மாற்றல், தாலி. அவள் கை தறி போல ஓடியது. மதியத்துக்குள் படம் மனதில் இருந்தபடியே வந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு சடங்கையும் தனித்தனித் துண்டாக ரெண்டர் போட்டாள். நடுவில் ஏதாவது ஆனால் முழுவதும் போகாதல்லவா? பயம் வந்தால் சில சமயம் புத்தியும் கூட வரும்.

பாதிக்குமேல் முடிந்திருந்தது. மாலை மாற்றல் ஓடிக்கொண்டிருந்தபோது திரை அப்படியே உறைந்தது. சுட்டி அசையவில்லை. எதுவும் அசையவில்லை.

அணைத்துப் போட்டாள். அதே துண்டு, இந்தமுறை அந்த இடத்தை எட்டும் முன்பே மறுபடி உறைந்தது. தலைக்குமேல் சிமெண்ட் ஷீட் அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. நெற்றி வியர்வை விசைப்பலகையில் சொட்டியபோதுதான் தன் தப்பு அவளுக்கு உறைத்தது. சோதனையெல்லாம் செய்தது விடியற்காலையில். மலைக்காற்று சில்லென்று வரும் நேரத்தில் நாற்பத்திரண்டு தாங்கிய பெட்டி, திருவண்ணாமலையின் வைகாசி மதியத்தை எப்படித் தாங்கும்? வெயில் இல்லாத நேரத்தில் வெயிலுக்குத் தேர்வு வைத்திருக்கிறாள்.

விமல்ராஜ் இரண்டாவது முறையாகப் போன் செய்தார். முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு வைத்தாள். மணியைப் பார்த்தாள். எண்ணைப் பழையபடி முப்பத்து மூன்றுக்கு இறக்கினால் பெட்டி நிற்காது, ஆனால் நேரம் போதாது. ஏற்றத்தை விட மனமில்லை. சூட்டைத்தான் குறைக்க வேண்டும்.

"அத்தை, நம்ம வீட்டுல குளிர்ச்சியா இருக்கிற இடம் எது?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

கேட்ட பிறகுதான், பதில் தனக்கே தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. ஷீட் போட்ட இந்த வீட்டில் பின்பக்கம் ஒரே ஓர் அறைக்குத்தான் கனத்த சுவரும் கடப்பாக்கல் தரையும். பூஜையறை. அங்கே பௌர்ணமி விளக்கு வைக்க உண்ணாமலை கோலம் போட்டு, பூ சாத்தி எல்லாம் தயாராக வைத்திருந்தாள். பௌர்ணமியன்று அந்த அறைக்குள் குளிக்காமல் யாரும் நுழைந்ததில்லை.

உண்ணாமலை மோர்ப் பானையை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தாள். உறைந்து நின்ற திரையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் குத்துவிளக்கு இருந்தது. அதை வாசல் கடையில் சுண்டல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மலையே எதிர்ல நிக்குது. வெளக்க எங்க ஏத்துனா இன்னா? அறிவு, பொட்டியத் தூக்கு" என்றாள்.

கோலத்தை மிதிக்காமல் பெட்டியைக் கொண்டுபோய்க் கல்தரையில் வைத்தார்கள். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, எதிரே மேசை விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டார்கள். கவிநிலா பயாஸுக்குள் போய் எண்ணை நாற்பத்தொன்றாக்கினாள். ஆசை ஒரு படி இறங்கியதில் அவமானம் ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சுவரில் படமாக நின்ற அண்ணாமலையாரையும் உண்ணாமுலையம்மனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரெண்டரைத் தட்டிவிட்டாள்.

அறிவு அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். இருவரும் சூட்டைக் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறியது. பிறகு ஓரிடத்தில் நின்றது. நின்றது நின்றபடி இருந்தது. மாலை மாற்றல் உறைந்த இடத்தைக் கடந்தபோது அவன் அவள் விரல்களைக் கோத்துக்கொண்டான். வெளியே அரோகரா சத்தம் எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. அவள் வந்த நாளிலிருந்து முதல்முறையாக, அந்த வீட்டில் சாம்பிராணி வாசனை இல்லாத பௌர்ணமி மாலை அது.

கடைசித் துண்டான தாலி முடிந்தது. துண்டுகளைக் கோத்து ஒரே படமாக்கி, முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தாள். ஒரு சிக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை.

அத்தனை லட்சம் ஜனம் கையில் போனோடு நடக்கும் நாளில் நெட்டில் அனுப்பினால் படம் மறு பௌர்ணமிக்குத்தான் போய்ச் சேரும். பென்டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, இருந்த புடவையோடு பைக்கில் ஏறினாள். வயல் பாதை முடிந்த இடத்தில் போலீஸார் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து கூட்டத்துக்குள் கூட்டமாக நடை. அறிவு முன்னால் தோளைக் கொடுத்து வழி செய்ய, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே மண்டபம் வந்து சேர்ந்தாள். வாசலில் நின்றிருந்த விமல்ராஜின் கையில் பென்டிரைவைக் கொடுத்தபோதுதான் மணமக்கள் மேடை ஏறிக்கொண்டிருந்தார்கள்.

விளக்குகள் அணைந்தன. திரையில் விடியற்கால மலை வந்தது. பிறகு ஊஞ்சலில் கூச்சத்தோடு ஆடும் பெண். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் அட்சதை தூவ, பெண்ணின் அப்பா மட்டும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். அந்த ஒரு நொடியை இரண்டு மணி நேர வீடியோவிலிருந்து கவிநிலா கண்டெடுத்திருந்தாள். பேசிக்கொண்டிருந்தவர்களும் திரையைப் பார்த்தார்கள். மேடையில் இருந்த பெண் எழுந்து இறங்கிவந்து அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். கைதட்டல் எங்கிருந்தோ ஆரம்பித்து மண்டபத்தைத் தூக்கியது. மாப்பிள்ளையின் அப்பா ஆதிமூலம் எழுந்து நின்று இன்னொருமுறை போடச் சொன்னார். போட்டார்கள். மூன்றாவது முறையும் போட்டார்கள்.

பந்தியில் உட்கார்ந்தவர்களைக் கடந்து விமல்ராஜ் வந்தார். கையில் போன். அதற்குள் இரண்டு வீட்டுக்காரர்கள் அவரிடம் தேதி சொல்லியிருந்தார்கள்.

"ஆனி முகூர்த்தம், ஆவணி முகூர்த்தம், எல்லாம் உன்னுதுதாம்மா. சென்னைக்கு இனிமே ஒண்ணும் அனுப்பல. அந்தப் பழைய பொட்டியிலயா செஞ்ச?"

"ஆமாண்ணா. அது பழசுதான், ஆனா சோம்பேறி இல்ல. யாரும் இதுவர வேல வாங்கல, அவ்ளோதான்" என்றாள்.

சொன்ன பிறகு சிரிப்பு வந்தது. கணவனைத் தேடினாள். மண்டபத்துத் தூணோரமாக நின்று, அவளை ஏதோ முதல்முறை பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான் அறிவு. கிட்டே போனாள்.

"இப்பவாவது கேக்குறேன். நான் பெங்களூர் போறதுல உங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?"

அவன் சுற்றிலும் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"போவாதன்னு நான் சொல்லியிருந்தா நீ எனக்காக இருந்திருப்ப, நிலா. அப்புறம் ஒவ்வொரு காதுகுத்து வீடியோவுக்கும் என்ன மனசுல திட்டியிருப்ப. நீ உனக்காக இருக்கணும்னு பாத்தேன். அத சொல்லாம இருக்கத்தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

கவிநிலா இன்னும் நெருங்கி வந்தாள். அவனுடைய சட்டைத் தோளில் கூட்டத்தில் யாரோ இடித்துப் பூசிய விபூதியைத் தட்டிவிட்டாள். பெங்களூர்க் கம்பெனிக்கு நாளைக் காலை தானே போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிடப்போவதாகத் தெரிவித்தாள். தன் ஊரிலேயே கையில் வேலை நிறைந்துவிட்டதென்று காரணமும் சொல்வாளாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த செருக்கைக் கேட்டு அவன் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

பந்தியில் அடுத்த வரிசைக்கு இலை போட்டார்கள். பெண்ணின் அப்பா தாமே வந்து, படம் செய்த பிள்ளை சாப்பிடாமல் போகக் கூடாது என்று கவிநிலாவின் கையைப் பிடித்து அழைத்துப்போய், முதல் இலையில் உட்காரவைத்தார்.